சுந்தரிக்கு லைட் டியூட்டி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி. எங்கள் கம்பெனியின் முதலுதவிப் பதிவேட்டில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது.

பெயர்: சுந்தரி. டிபார்ட்மென்ட்: செக்யூரிட்டி. வயது: 4. அடிபட்ட இடம்: முன்னங்கால்.

படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர். நாலு வயதுக் குழந்தையை செக்யூரிட்டி வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று எங்கள் நர்ஸே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார். நாளைக்கு ஓர் ஆடிட்டர் வந்து இதைப் பார்த்தால் நான் என்ன பதில் சொல்வது?

"நாய்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே சிஸ்டர்" என்றேன்.

"அதுக்குக் கட்டம் இல்லையே மேடம்" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். "பேரு, டிபார்ட்மென்ட், வயசு, எங்க அடி... அவ்வளவுதான் இருக்கு."

"சரி, அடிச்சிட்டு வேற எழுதுங்க."

"அடிக்கக் கூடாது, ஒயிட்னர் போடக் கூடாதுன்னு போன வருஷம் நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க."

எடுத்தேன். பவர்பாயின்ட் எல்லாம் போட்டு எடுத்தேன். நாம் எடுக்கிற கிளாஸை ஒருவரும் கவனிப்பதில்லை என்றல்லவா இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டங்களைச் செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனி எங்களுடையது. நானூறு பேர். செக்யூரிட்டி ஒரு வெளி ஏஜென்சி. அவர்கள் பதிமூன்று ஆட்களையும் ஒரு நாயையும் அனுப்புகிறார்கள். அந்த நாய்தான் சுந்தரி. ஜெர்மன் ஷெப்பர்டு அம்மாவுக்கும், யாரென்று ஏஜென்சி சொல்லாத அப்பாவுக்கும் பிறந்தவள். ஒரு காது நிற்கும், இன்னொன்று மடிந்திருக்கும். காலை ஷிஃப்டில் காம்பவுண்டு சுவரோரமாக ரவுண்டு போவதும், ஸ்கிராப் யார்டைக் காப்பதும் அவள் வேலை.

அவளைக் கூட்டிக்கொண்டு நடப்பவர் ஏழுமலை. ஐம்பது வயது, மணிமங்கலத்துக்காரர். சுந்தரி இருப்பது அவர் வீட்டில்தான். தினமும் மொபெட்டில் அவர் காலுக்கு முன்னால் நின்றுகொண்டு வருவாள், போவாள்.

எனக்கு நாய் என்றால் பயம். இது உங்களில் பலருக்குத் தெரியும், ஏற்கெனவே இரண்டு முறை இந்தப் பக்கத்தில் புலம்பியிருக்கிறேன். சுந்தரிக்கு மட்டும் தினமும் பத்தடி தூரத்தில் நின்று குட் மார்னிங் சொல்லிவிட்டுப் போவேன். பயத்தில்தான். மரியாதை என்று ஏழுமலை நினைத்துக்கொண்டார்.

அன்று காலை என்ன நடந்தது? ஸ்கிராப் யார்டில், சரக்கு ஏற்றுகிற மரப் பேலட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் ஒரு கீரிப்பிள்ளை. சுந்தரி மேலே ஏறிவிட்டாள். கீரிப்பிள்ளை கீழே குதித்தது, இவளும் குதித்தாள். கீரிப்பிள்ளை போய்விட்டது, இவள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். ஏழுமலை அவளை நேராக முதலுதவி அறைக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

"நாயை எதுக்குங்க இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"சின்ன அடியா இருந்தாலும் ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வாங்கன்னு நீங்கதான் மேடம் போஸ்டர் ஒட்டிக்கீறீங்க. இட்டாந்தேன். நாய் வரக் கூடாதுன்னு அதுல போடலயே."

அந்த போஸ்டரும் என்னுடையதுதான்.

இதற்குள் அறை வாசலில் இருபது பேர் கூடிவிட்டார்கள். எந்தக் கால் என்பதில் ஒரு பட்டிமன்றம். வெல்டிங் ஷாப்பில் வலது என்றார்கள். பெயிண்ட் ஷாப்பில் இடது. ஒருவர் பின்னங்கால் என்றார், அவரை யாரும் மதிக்கவில்லை. குவாலிட்டி இன்ஜினியர் அவளை நடக்க விட்டு செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தார். நானும் பார்த்தேன். வலது கால் தரையில் படும்போதெல்லாம் அவள் தலை கீழே போகிறது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வலி தாங்காமல் தலை தொங்குகிறது, வேறென்ன? "வலது கால்" என்று தீர்ப்புச் சொன்னேன். சிஸ்டர் வலது காலில் அழகாக க்ரேப் பேண்டேஜ் சுற்றினார். இருபது பேரும் தலையாட்டினார்கள். சுந்தரி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

படப்பை பக்கம் ஒரு கால்நடை டாக்டரிடம் போனோம். இளவயதுப் பெண். பேண்டேஜைப் பார்த்தார், சுந்தரியை இரண்டு தடவை நடக்க விட்டார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"யாரு மேடம் கட்டுப் போட்டது?"

"எங்க... டீம்."

"இது நல்ல கால். வலிக்கிற கால் தரையில படும்போது நாய் தலையை மேல தூக்கும், அந்தக் கால்ல வெயிட் விழக் கூடாதுன்னு. நல்ல கால் படும்போது தலை இறங்கும். நீங்க இறங்குறதைப் பாத்து கட்டிட்டீங்க. வலி இடது கால்ல."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

டாக்டர் அவசரப்படவில்லை. முதலில் பாதத்தைத் திருப்பி, விரல்களுக்கு நடுவே முள்ளோ இரும்புச் சீவலோ குத்தியிருக்கிறதா என்று பார்த்தார். நகங்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டிக்கொண்டே மேலே போனார். பாதத்துக்குச் சற்று மேலே, நம் மணிக்கட்டு மாதிரி இருக்கும் மூட்டை மடக்கியபோது சுந்தரி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, தசைநார் பிசகியிருக்கிறது.

"மூணு வாரம் ரெஸ்ட். வீட்டுலயே கட்டிப் போடுங்க. வெளிக்குப் போகணும்னா மட்டும் கயித்தோட மெதுவா கூட்டிட்டுப் போங்க. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, மொபெட் கூடவே கூடாது. நம்ம மாத்திரை எதையும் உடைச்சுப் போட்டுடாதீங்க, நாய்க்கு அது விஷம். நாலாவது நாளே நல்லாயிட்ட மாதிரி நடக்கும், நம்பிடாதீங்க. ரெஸ்ட் இல்லன்னா இந்த நொண்டல் நிரந்தரமாயிடும்."

வெளியே வந்ததும் ஏழுமலை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நிரந்தரமாப் பூட்டா ஏஜென்சிக்காரன் ரிட்டர்ன் எடுத்துக்குவான் மேடம்."

"எடுத்து?"

"தெரியாது மேடம். முன்னால நான் வச்சிருந்த நாய அப்டித்தான் எட்த்துகினு போனான். எங்க போச்சுன்னு கேட்டேன். அத்த உடு, புதுசு வருதுன்னான்." கொஞ்ச நேரம் சுந்தரியின் மடிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்கு வேற நாய் குடுப்பாங்க மேடம். அதுக்கு வேற ஏழுமலை குடுப்பாங்களா?"

மூன்று வாரம் ஓய்வு. அது மட்டும் கிடைத்துவிட்டால் போதும். இதைவிடச் சுலபமான வைத்தியம் உண்டா? சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கம்பெனிக்குத் திரும்பினேன்.

அங்கே போர்டு நின்றுகொண்டிருந்தது.

போர்டைப் பற்றிச் சொல்லவில்லையே? எங்கள் கேட்டைத் தாண்டியதும் பச்சை நிறத்தில் ஒரு பெரிய போர்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே கொக்கிகளில் எண் பலகைகள் தொங்கும். அன்று 989. ஆயிரத்தைத் தொட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு டேபிள் டாப் வெட் கிரைண்டர் என்று ஆறு மாதத்துக்கு முன்னாலேயே மைக்கில் அறிவித்திருந்தோம். அறிவித்தது யார் என்று கேட்காதீர்கள், குரல் என்னுடையதுதான். நானூறு வீடுகளில் நானூறு பேர் இட்லிக்கு ஊறப்போடாத குறைதான். சிலர் பழைய கிரைண்டரை எடைக்கே போட்டுவிட்டார்கள்.

ஆயிரத்துக்கு இன்னும் பதினோரு நாள். அந்த நேரம் பார்த்து பதிவேட்டில் சுந்தரி.

மறுநாள் பாதுகாப்புக் கமிட்டி கூடியது. கேள்வி இதுதான்: நாய்க்கு அடிபட்டால் அது விபத்தா?

சிரிக்காதீர்கள். ஒண்ணேகால் மணி நேரம் பேசினோம். நாய் தொழிலாளி இல்லை, ஆகவே விபத்து இல்லை என்றார் மெயின்டனன்ஸ் மேனேஜர். எல்லோருக்கும் உயிர் வந்தது. அப்போது ஸ்டோர்ஸ்காரர் செக்யூரிட்டி அட்டெண்டன்ஸைப் புரட்டிவிட்டார். ஏழுமலைக்கு நேர் கீழே சுந்தரி. தினமும் பிரசன்ட். ஞாயிற்றுக்கிழமை வீக்லி ஆஃப். ஒப்பந்தப்படி பதினாலு தலை வர வேண்டும், பதினாலாவது தலை அவளுடையது.

"டெக்னிக்கலா பாத்தா அவளும் மேன்பவர்தான்" என்றார் ஜி.எம்., நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். வேலையில் அடிபட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வராமல் போனால்தான் அது பெரிய விபத்து. போர்டு ஜீரோவுக்குப் போகும். வந்துவிட்டால்? வெறும் முதலுதவி. போர்டு அசையாது.

ஆகவே எங்கள் கம்பெனியில் லைட் டியூட்டி என்று ஒன்று உண்டு. கை முறிந்தவரை வீட்டில் படுக்க விட மாட்டோம். கார் அனுப்புவோம். அழைத்து வந்து ட்ரெய்னிங் ரூமில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பேப்பர் கொடுத்து, டீ கொடுத்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவோம். வேலைக்கு வந்தார், இல்லையா? யார் வீட்டிலும் யாரும் அழவில்லை. போர்டில் எண் கூடிக்கொண்டே போகும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஒரு முறை ஷீல்டுகூடக் கொடுத்தார்கள். வீட்டு ஷோகேஸில் இருக்கிறது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். 'சுந்தரி, செக்யூரிட்டி, நாளை முதல் மூன்று வாரங்களுக்கு லைட் டியூட்டி. பணியிடம்: ரிசப்ஷன். பணி: உட்கார்ந்திருத்தல்.'

ஏழுமலையிடம் சொன்னேன்.

"வூட்ல கட்டிப் போடச் சொன்னாங்களே மேடம், டாக்டரம்மா."

"வீட்டுல படுக்குறதை இங்க ஏசில படுக்கப் போறா. அவ்வளவுதானே? மொபெட் வேண்டாம், கார் அனுப்புறேன்."

எனக்கே நம்பிக்கையாகத்தான் இருந்தது. சொல்கிற பொய்யை நாம் முதலில் நம்பாவிட்டால் மற்றவர் எப்படி நம்புவார்கள்?

வியாழக்கிழமை காலை மணிமங்கலத்தில் வெள்ளைக் கார் போய் நின்றது. கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த எங்கள் ஆட்கள் பார்க்கிறார்கள்: பின் சீட்டில் ஜன்னலோரமாக சுந்தரி, முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏழுமலை. கார் அவர்களைத் தாண்டிப் போனதாம். அன்று கேன்டீன் முழுக்க இதே பேச்சு.

"லைட் டியூட்டிக்கு ஏசி. ஹெவி டியூட்டிக்கு ஃபேன்கூட ஒயுங்கா சுத்தமாட்டேங்குது" என்றார் பிரஸ் ஷாப்பிலிருந்து ஒருவர், என் காதில் விழும்படியாக.

ஆனாலும் அவளைத் தாங்கினார்கள். தாங்காமல்? நானூறு கிரைண்டரும் அவள் ஒருத்தியின் அட்டெண்டன்ஸில் அல்லவா நின்றது. ஷிஃப்டுக்கு வந்ததும் கேட்டில் முதல் கேள்வி, "சுந்தரி வந்துட்டாளா?" வந்துவிட்டாள் என்று கேட்ட பிறகுதான் சொந்த கார்டையே பஞ்ச் செய்தார்கள். வீட்டிலிருந்து முட்டை வந்தது. எண்ணெய் கொண்டுவந்தார்கள், தைலம் கொண்டுவந்தார்கள். ஒருவர் சுளுக்கு எடுக்கிற மாமாவையே கூட்டிக்கொண்டு வந்து கேட்டில் நிற்க வைத்துவிட்டார்.

ஒரு சிக்கல். ரவுண்டுக்கு ஏழுமலை தனியாகப் போய்விட்டால் சுந்தரி ரிசப்ஷனில் இருக்க மாட்டாள், எழுந்து கதவைப் பிறாண்டுவாள். யாராவது கூட இருக்க வேண்டும். ரிசப்ஷன் பெண் தனக்கு நாய் முடி அலர்ஜி என்று அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தாள். கமிட்டி யோசித்தது. ஆர்டர் போட்டவரே உட்காரட்டும் என்றது.

உட்கார்ந்தேன். நாலடி தள்ளி நாற்காலி, மடியில் லேப்டாப், வாயில் முணுமுணுப்பாக முருகன் பெயர். பத்து நிமிடம் அவள் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து மூன்றரைக் காலில் என்னிடம் வந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் வலது பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம். காலை அசைக்கவில்லை. பயம் பாதி. மீதி என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கால் மரத்துப்போய், எழுந்தபோது நானும் நொண்டினேன். சிஸ்டர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "கிட்ட வராதீங்க" என்றேன்.

வெள்ளி, சனி நன்றாகவே போயின. டாக்டர் சொன்ன மாதிரியே நாலாவது நாள் அவள் நடை தேறியது. நான் ஜி.எம்.மிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

திங்கட்கிழமை. போர்டில் 995. காலை ஒன்பது மணிக்கு ரிசப்ஷன் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். பளபளவென்று டைல்ஸ். சுந்தரி என் காலடியில் படுத்திருக்கிறாள். வாசலில் ஜி.எம்.மின் ஷூ சத்தம்.

அதிகாரி வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று ஏழுமலை அவளைப் பழக்கியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. அவள் சட்டென்று எழுந்தாள். முன்னங்கால்கள் இரண்டும் ஈரத்தில் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், தாடை தரையில் மோதியது. ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்... அதை எழுத எனக்கு வரவில்லை.

பிறகு எழுந்தாள். இடது காலைத் தரையில் வைக்கவே இல்லை, மடக்கித் தூக்கிக்கொண்டாள். அப்படியே மூன்று காலில், உடம்பு நடுங்க, ஜி.எம். தாண்டிப் போவதற்காக விறைப்பாக நின்றாள். அவர் போகவில்லை. அவரும் நின்றார். "உக்காருமா... உக்காரு, உக்காரு" என்று கையைக் காட்டினார். அவர் நிற்கும்வரை அவள் உட்காரவில்லை. கடைசியில் அந்த மனிதர், டை கட்டிக்கொண்டு, துடைத்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அவளும் படுத்தாள்.

ஏழுமலை வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலாம். அவள் காலைக் கையில் ஏந்திக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"அடிபட்ட கால வச்சிக்கினு கீற ஜீவன இன்னாத்துக்கு மேடம் இங்க இட்டாரணும்? கிரைண்டருக்கா? என் வூட்டுக்கும்தான் கிரைண்டர் வோணும். பயச எடைக்குப் போட்டுட்டா என் பொண்டாட்டி. நாங்க கடைல மாவு வாங்கிக்கிறோம் மேடம். அத்த உட்டுடுங்க."

வெட்கமாக இருந்தது. மழுப்பாமல் சொல்கிறேன், அந்தத் தரையிலேயே புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. எனக்கு அவள் கால் முக்கியமா, என் ஷீல்டு முக்கியமா? அதைக் கேட்டுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

டாக்டரிடம் மறுபடி ஓடினோம். பிசகியது மேலும் பிசகியிருக்கிறது, மூன்று வாரம் இப்போது நான்கு வாரம். அந்தப் பெண் என்னைத் திட்டினார். முழுதாக வாங்கிக்கொண்டேன். திரும்பி வந்து லைட் டியூட்டி ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிட்டு, விபத்துப் படிவத்தை எடுத்து நிரப்பி ஜி.எம். மேசையில் வைத்தேன். சுந்தரி, பணியில் காயம், நான்கு வாரம் விடுப்பு.

"அஞ்சு நாள்மா" என்றார் ஜி.எம். "அஞ்சே நாள்."

"நீங்களே பாத்தீங்களே சார்."

பேண்ட்டில் இன்னும் ஈரக்கறை இருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். "போர்டை நீங்களே மாத்திடுங்கம்மா. எனக்கு மனசு வரல."

ஏஜென்சிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: சுந்தரி விடுப்பில் இருக்கிறாள், அந்த இடம் அவளுடையது, மாற்று நாய் வேண்டாம், அவளைத் திருப்பி எடுக்கவும் கூடாது. ஏஜென்சிக்காரர் போன் செய்து, "மேடம், நாய்க்கா மெடிக்கல் லீவு?" என்றார். "ஏன், அட்டெண்டன்ஸ் போட்டது யாரு?" என்றேன். வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். ஆயிரத்துக்காகப் புதிதாக பெயிண்ட் அடித்து வைத்திருந்த பலகைகள் தயாராகவே இருந்தன. ஒரு ஒன்று, மூன்று ஜீரோ. அந்த மூன்று ஜீரோக்களையும் மாட்டினேன். ஒன்று மட்டும் மீந்தது.

நானூறு பேர் கோபத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கேன்டீனில் எனக்கு மட்டும் வடை தீர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்தவர் தட்டில் இரண்டு இருந்தன.

சுந்தரி என்ன ஆனாள் என்கிறீர்களா? மணிமங்கலத்தில் ஏழுமலை வீட்டில் நான்கு வாரம் கட்டிப் போட்டபடி கிடந்தாள். அவர் மனைவி பார்த்துக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். தெருவில் அவளை நடக்க விட்டு, நான் எதிரில் நின்று தலையை மட்டும் பார்த்தேன். ஏறவில்லை, இறங்கவில்லை. நேராக வந்தது. என்னிடம் வந்து செருப்பை மோந்து பார்த்தாள். நான் பின்வாங்கவில்லை. அரையடிதான் பின்வாங்கினேன். திங்கள் முதல் பாதி ரவுண்டு மட்டும் மெதுவாக நடக்கிறாள். அந்த இடத்தை விட்டு அவளை யாரும் எடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. போர்டில் ஜீரோ மாட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு ஸ்டெல்லா சிஸ்டர் போன் செய்தார்.

"மேடம், கொஞ்சம் வந்து பாருங்க. க்யூ நிக்குது."

நின்றது. முதலுதவி அறை வாசலிலிருந்து ஸ்டோர்ஸ் வரைக்கும். சட்டைக் கையை மடித்து வெல்டிங் தீக்காயத்தைக் காட்டினார் ஒருவர். நகமே இல்லாத விரலோடு ஒருவர். முதுகைப் பிடித்துக்கொண்டு இருவர். எல்லாம் பழைய காயங்கள். போர்டு போகுமே என்று இத்தனை நாள் மூடி வைத்திருந்தவை. இனி போக என்ன இருக்கிறது? வந்துவிட்டார்கள்.

க்யூவின் முதல் ஆள் டூல் ரூமின் சீனியர், சண்முகம் அண்ணன். ஷூவைக் கழற்றினார். பாதம் ஒரு பக்கமாக வீங்கி, கோணிக்கொண்டிருந்தது.

"இரும்பு டை, அந்த அச்சு, கால்மேல விழுந்துட்ச்சி மேடம். வூட்ல பாத்ரூம்ல வழுக்கினதா சொல்லிட்டேன்."

"எப்போண்ணே?"

அவர் தேதி சொல்லவில்லை.

"போர்டு நானூத்தி சொச்சத்துல இருந்தப்போ."

தினமும் காலையில் கேட்டிலிருந்து டூல் ரூம் வரைக்கும் அவர் என் கண்ணெதிரில்தான் ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து போவார். நான் அதை அவருடைய நடை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.